'இலையுதிர்கால வலசை'க்கு மாற்று: வலசை வரத்து?

வணக்கம். நம் ஏரிப் பறவைக் கணக்கெடுப்புக்கான சொற்களைப் பற்றிய பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> 'ஆட்டம் மைக்ரேஷன்' (autumn migration, இலையுதிர்காலத்தில் பறவைகள் இடம்பெயர்வது) என்பதற்கு 'இலையுதிர்கால வலசை' என்றே வைத்துக்கொள்ளலாமே, அகராதியிலும் அப்படித்தானே இருக்கிறது.

இருக்கிறது, சரி. ஆனால் கொடைக்கானலில் உட்கார்ந்துகொண்டு அப்படி எழுத எனக்கு மனசு வரவில்லை. இங்குள்ள சோலைகள் பசுமை மாறாதவை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும், இலை எங்கே உதிர்கிறது?

அதனால்தான் போன வாரம் நானே 'கூதிர் வலசை' என்று எழுதினேன், பழைய சொல், காதுக்கும் நன்றாக இருந்தது. அதையும் இப்போது வேண்டாம் என்கிறேன். கூதிர் என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்; சாம்பல் வாலாட்டி என்ற குருவியோ ஆவணியிலேயே வந்து இறங்கிவிடுகிறது. இந்த வருஷமும் ஏரியில் படகுத்துறையைத் தாண்டி, ஓடைத் தண்ணீர் வந்து சேரும் இடத்தில் ஒரு ஈரக்கல்லின் மேல் ஒன்று நின்றிருந்தது. சாம்பல் முதுகு, வாலடியில் எலுமிச்சை மஞ்சள், தொண்டை வெள்ளை (கூடு கட்டும் காலத்தில் ஆணுக்கு அது கறுப்பாக இருக்கும்), வால் மட்டும் ஒரு நொடி சும்மா இல்லை. என்ன பார்க்கிறீர்கள் என்று குதிரைக்காரர் ஒருவர் கேட்டார், வடக்கே இருந்து வரும் குருவி என்றேன். "அப்ப வரத்து ஆரம்பிச்சிருச்சுன்னு சொல்லுங்க" என்றார்.

நாம் இத்தனை நாள் தேடிய சொல்லை அவர் போகிறபோக்கில் சொல்லிவிட்டார். ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி வரத்து, அணையில் நீர்வரத்து, அதுபோல ஏரியில் வலசை வரத்து. பருவத்தின் பெயர் இதில் இல்லாததே வசதி. கரைப்பறவையான உள்ளான் ஆகஸ்டில் வந்தாலும், கீழே சமவெளிக் குளங்களில் வாத்துகள் டிசம்பரில் கூடினாலும் பொருந்தும்.

சைபீரியாவில் இருப்பவருக்கு இது வரத்தா, போக்கா என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருக்குப் போக்குதான். ஐரோப்பியப் பறவை நூலை மொழிபெயர்க்கிறவர்கள் 'இலையுதிர்கால வலசை' என்றே போடட்டும், அங்கே இலை நிஜமாகவே உதிர்கிறது. நம் ஏரிக் கணக்கெடுப்புக்கு நம் கரையில் நின்று பேசும் சொல் போதும். ஒன்றே ஒன்று, 'வரத்து' என்று மட்டும் சுருக்கி எழுதிவிடாதீர்கள். மன்னவனூர் ஏரிக் குறிப்பில் 'வரத்து அதிகம்' என்று இருந்தால் படிக்கிறவர் மழை என்று நினைத்துக்கொள்வார்.

எனக்கு உதைப்பது அடுத்த சொல். மார்ச், ஏப்ரலில் இவை கிளம்பிப் போவதை என்னவென்பது? வரத்துக்கு ஜோடி போக்குதான், போக்குவரத்திலேயே இரண்டும் சேர்ந்து கிடக்கின்றன. ஆனால் 'வலசைப் போக்கு' என்றால் ஆய்வுக் கட்டுரையில் வரும் 'விலைப் போக்கு' மாதிரி ஏற்ற இறக்கம் பற்றிய பேச்சாகிவிடுகிறது. 'மீள்வலசை' என்று ஒரு யோசனை வந்தது, கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது. 'வலசைத் திரும்பல்' பரவாயில்லையா, இல்லை வேறு ஏதாவது தோன்றுகிறதா?