சார்டினியாவின் கன்னோனாவ்: எதோடு சேர்ந்தது, எதோடு முட்டியது?

முதல் பதிவு
இத்தாலியின் சார்டினியா தீவு, காலியரி நகரில் ஓர் உணவகம். ஸ்பகெட்டி மேல் போத்தார்காவை (உலர்ந்த மீன் சினை) தாராளமாகத் துருவியிருந்தார்கள், பக்கத்தில் கன்னோனாவ் சிவப்பு ஒயின். ஊர்ச் சாப்பாடு, ஊர் ஒயின், சேராமல் எங்கே போகும்? தனித்தனியே இரண்டும் அருமை. வாயில் கலந்ததும் துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்த மாதிரி இருந்தது. தண்ணீர் குடித்தும் போகவில்லை. பாட்டில் கெட்டதென்று சொல்லவும் வழியில்லை. தட்டை எடுத்தபின் அதே ஒயின் பெக்கோரினோ என்ற செம்மறிப்பால் சீஸ் துண்டோடு இனித்தது. யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

பதில் 1
பாட்டில் நல்லதுதான். போத்தார்கான்னா மடவை மீன் சினையை உப்பிட்டு, அழுத்தி, உலர்த்தினது. அது முழுக்க மீன் எண்ணெய். ஒயின்ல கரைஞ்சிருக்கிற இரும்பு அந்த எண்ணெயைத் தொட்டதும் இந்த வாடை கிளம்பும். இரும்பு அளவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், அதனால ஒருத்தருக்கு நடந்தது அடுத்தவருக்கு நடக்காது. துவர்ப்புதான் காரணம்னு சிலர் அடிச்சுச் சொல்வாங்க, தப்பு. கன்னோனாவ்ல துவர்ப்பு நடுத்தரம்தான். போத்தார்காவுக்கு அதே தீவோட வெள்ளை ஒயின் வெர்மென்தீனோ இருக்கு.

பதில் 2
இரும்பு சரி. ஒயின் என்ன சூட்டில் மேசைக்கு வந்தது என்று யாருமே கேட்கவில்லையே!

ஓலியேனா ஊர்க் கன்னோனாவ் பாட்டில் ஒன்று, லேபிளில் 15%. ஆகஸ்ட் மாதம், அறை 27 டிகிரி. கோப்பையை மூக்கருகே கொண்டுபோனால் பழ வாசனைக்கு முன்னால் சாராய நெடி. பாட்டிலை ஐஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த வாளியில் பன்னிரண்டு நிமிடம் வைத்து, 17 டிகிரிக்கு வந்ததும் ஊற்றியபோது ஸ்ட்ராபெரியும் காய்ந்த மூலிகை வாசமும் எழுந்தன. ஐஸ் மட்டும் போட்டால் கட்டிகளுக்கு நடுவே காற்று நிற்கும், குளிர் மெதுவாகத்தான் இறங்கும். ஃப்ரிட்ஜ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்புறம் டிகேன்டரில் (ஒயினைக் காற்றாட விடும் கண்ணாடிக் குடுவை) இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள்.

பதில் 3
பர்பாஜியா மலைப்பக்கத்து பொர்செத்து. சுமார் 5 கிலோ பால்குடிப் பன்றி, கம்பியில் கோத்து, தணலுக்கு மேலே அல்ல, பக்கத்தில். நான்கு மணி நேரம். விலா எலும்புப் பக்கம் முதலில், தோல் பக்கம் கடைசியில். அவசரப்பட்டுத் தோலை முதலில் காட்டினால் கருகும், உள்ளே வேகாது. இறக்கியதும் மிர்ட்டில் என்ற வாசனைச் செடியின் இலையில் கிடத்துவார்கள். கத்தி பட்டதும் தோல் அப்பளம்போல் நொறுங்கிய அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கொழுப்பு நாக்கில் படியும் நேரம் ஒரு மிடறு கன்னோனாவ். அவ்வளவுதான், வேறொன்றும் வேண்டாம்.

பதில் 4
டிகேன்டரில் இரண்டு மணி நேரமா? தயவுசெய்து வேண்டாம். கன்னோனாவ் வேறெதுவுமில்லை, ஸ்பெயினில் கர்னாச்சா என்கிற அதே திராட்சை. நிறம் குறைவு, காற்றுப் பட்டால் சீக்கிரம் வாடும். இளம் பாட்டிலைத் திறந்து அப்படியே ஊற்றுங்கள், முதிர்ந்த ‘ரிசர்வா’ வகைக்கு அரை மணி போதும். ஓரத்தில் செங்கல் நிறம் தெரிந்தால் கெட்டதென்று திருப்பி அனுப்பவும் வேண்டாம், இந்தத் திராட்சைக்கு அது இயல்பு.

வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். ‘கன்னோனாவ் தி சார்தேன்யா’ என்றிருந்தால் குறைந்தது 85% கன்னோனாவ். ‘கிளாசிகோ’ என்றால் 90%, நூரோ, ஒலியாஸ்த்ரா பக்கத்துத் திராட்சை. ‘ரிசர்வா’ இரண்டு வருடம் முதிர்ந்தது. இதற்கு லேசாகப் புகையேறிய ஃபியோரே சார்தோ சீஸ் பொருத்தம்.

சாதாரண பாட்டிலுக்குப் பானே ஃபிராத்தாவ். காரசாவ் என்ற மெல்லிய, மொறுமொறு ரொட்டியைக் கொதிக்கும் ஆட்டிறைச்சிச் சாறில் சில வினாடிகள் மட்டும் முக்கி எடுங்கள், கூடினால் கூழாகும். தக்காளிச் சாறு, பெக்கோரினோ துருவல் என்று மூன்று அடுக்கு, உச்சியில் வெந்நீரில் உடைத்து வேகவைத்த முட்டை. மஞ்சள் கரு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கெட்டியானால் தட்டே வறண்டுபோகும். மீந்த ஒயினைக் கார்க்கால் மூடி ஃப்ரிட்ஜில் நிறுத்தி வையுங்கள், மறுநாளே முடித்துவிடுங்கள்.