புளோக் அடியில் பருந்து விழுந்து கிடந்தால்

சிங்கப்பூரில் அக்டோபர் முதல் மார்ச்வரை பறவைகள் இடம்பெயர்ந்து வரும் வலசைக் காலம். அடுக்குமாடி புளோக்கின் கண்ணாடியில் தெரியும் வானத்தை நம்பி மோதி விழுபவற்றில் தேன் பருந்தும், சின்ன வேட்டைப் பறவைகளான வைரிகளும் உண்டு. எல்லாரும் அலகுக்குப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது காலுக்குத்தான். தடித்த குளியல் துண்டோடு பின்பக்கமாகப் போய்த் தலையோடு சேர்த்துப் போர்த்துங்கள். இறக்கைகளை உடம்போடு அணைத்து, இரண்டு கால்களையும் தொடையை ஒட்டி, நடுவே ஒரு விரல் கொடுத்துப் பிடியுங்கள். இல்லையென்றால் கால்கள் ஒன்றோடொன்று நசுங்கும். நெஞ்சை அழுத்தவே கூடாது. நமக்கு மூச்சிழுக்க உதவும் உதரவிதானம் என்ற தசைத் திரை பறவைக்கு இல்லை. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு.

நகம் கையில் ஏறிவிட்டால் இழுக்காதீர்கள். விரல் தசைநாணில் பல் பல்லாக ஒரு பூட்டு இருக்கிறது, இழுக்க இழுக்க இறுகும். அதன் காலை மெல்ல நேராக நீட்டினால் தசைநாண் தளரும். முதலில் பின்விரலைக் கழற்றுங்கள்.

*

அடுத்து, பிடித்த பறவையை வைக்கும் பெட்டி விஷயம். கம்பிக் கூண்டு வேண்டவே வேண்டாம், இறகு ஒடியும். ஒடிந்த ஒன்றிரண்டு இறகை மூங்கில் ஊசி வைத்து ஒட்டுப்போடும் பழைய வித்தை உண்டு. வால் இறகெல்லாம் ஒடிந்துவிட்டால் அடுத்த இறகுதிர்வில் புதிது முளைக்கும்வரை பறவை காத்திருக்க வேண்டும். அட்டைப்பெட்டி போதும்: உள்ளே துண்டு விரிப்பு, கீழ்ப்பக்கம் காற்றுத் துளைகள், நல்ல இருட்டு. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலின் வாய் நாக்கு தொடங்கும் இடத்திலேயே இருப்பதால் நேரே நுரையீரலுக்குப் போகும். சாப்பாடும் வேண்டாம்.

மரத்தடியில் குட்டை வாலும் தலையில் பஞ்சுமாக நிற்பது பெரும்பாலும் பறக்கப் பழகும் குஞ்சு. காயம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், தாய் தகப்பன் இரை கொண்டுவரும். "காப்பாற்றுகிறேன்" என்று தூக்கிப் போவதுதான் இங்கே அதிகம் நடக்கும் கூத்து.

*

இப்படிக் கிடைத்த பருந்தை வளர்த்துப் பழக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: வனவிலங்குச் சட்டப்படி அனுமதியில்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். வேட்டைப் பருந்து வளர்ப்பவர் தினமும் தராசில் நிறுத்துத்தான் இரை கொடுப்பார். எடை கூடினால் கைக்குத் திரும்பாது, குறைந்தால் சாகும். நூறு கிராம் வைரிக்குச் சில கிராம்தான் இடைவெளி. தட்டையான கட்டையில் நின்றே இருந்தால் உள்ளங்கால் புண்ணாகிச் சீழ் வைக்கும்.

தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800-476-1600. புளோக் எண், மோதிய நேரம், எந்த இறக்கை தொங்குகிறது என்பதைச் சொல்லுங்கள். அதற்காகப் பெட்டியைத் திறந்து பார்க்காதீர்கள்.