மீன்தொட்டிச் சொட்டுநீர் அமைப்பு: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

பட்டர்வொர்த்திலிருந்து, ஆசிரியை:

மலேசியத் தமிழ்க் கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். எங்கள் தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் புத்தாக்கப் போட்டிக்கு ஒரு மீன்தொட்டி செய்கிறார்கள். குழாய்த் தண்ணீர் கரி வடிகட்டி வழியாக வந்து, சொட்டுநீர்ப் பாசனத்தில் செடியின் காலடியில் வைப்பார்களே, அந்தச் சின்ன மூக்கு வழியே தொட்டிக்குள் விழும். மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு துளை. கூடுதல் தண்ணீர் அதில் வழிந்து சாக்கடைக்குப் போய்விடும். தொட்டித் தண்ணீரை மாற்ற வாளி தூக்கும் வேலை இல்லை.

விளக்கப்பலகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்று சொற்கள் வேண்டும்: முழு அமைப்புக்கு, சொட்டும் மூக்குக்கு, வழியும் துளைக்கு. 'டிரிப் சிஸ்டம்' என்று போடத் தலைமையாசிரியர் விடமாட்டார்.

செந்தூலிலிருந்து:

டீச்சர், இதில் என்ன குழப்பம்? 'தானியங்கிச் சொட்டுநீர் மாற்றி'. முடிந்தது.

ஆயர் ஈத்தாமிலிருந்து:

முடியவில்லை தம்பி. மின்மாற்றி மின்னழுத்தத்தை வேறொரு அளவாக மாற்றுகிறது. நீர்மாற்றி என்றால் நீரை எதுவாக மாற்றுகிறது, மோராகவா? மேலும் 'தானியங்கி' பிழை. தான் என்பது தன் என்று குறுகி, 'தன்னியங்கி' என்றுதான் வர வேண்டும்.

பெயரை இவ்வளவு தேடுவானேன்? நன்னூலார் எப்போதோ சொல்லிவிட்டார்: "பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே." மீன்தொட்டிக்கே எழுதியதுபோல இருக்கிறது. 'கழிபுகுநீர்' என்று வையுங்கள். வழியும் துளைக்குப் பழஞ்சொல் தயாராக இருக்கிறது: கலிங்கு. ஏரி நிரம்பினால் மிகைநீர் வெளியேறுவது கலிங்கு வழியாகத்தான். அடியிலிருந்து பாசனத்துக்குத் திறப்பது மதகு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:

ஐயா சொல்வது சரி, ஆனால் கலிங்கு ஒன்றுதானா? யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் வீட்டுப் பெரியவர்கள் குளம் நிரம்பினால் 'வான் பாயுது' என்பார்கள். வன்னிக் குளங்களில் வான்கதவு என்ற சொல் இன்றும் இருக்கிறது. சின்னச் சொல், பிள்ளைகள் வாயில் நிற்கும்.

பாயான் லெப்பாஸிலிருந்து:

நெல்லைப் பக்கம் அதையே 'மறுகால் பாயுது' என்பார்கள். அப்படியானால் மூன்று ஆயிற்று. ஒரு துளைக்கு இத்தனை போதும் என்று நினைக்கிறேன்.

மூக்குக்கு நான் சொல்கிறேன்: 'சொட்டுவான்'. தமிழ்நாட்டு வேளாண் கையேடுகளில் உள்ள சொல்தான், நாம் புதிதாகப் படைக்க வேண்டியதில்லை.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:

பார்த்தீர்களா, அதிலேயே வான் இருக்கிறது! சொட்டு + வான்.

ஆயர் ஈத்தாமிலிருந்து:

இல்லை அம்மா, அது சொட்டு + வ் + ஆன். வ் எதிர்கால இடைநிலை, ஆன் ஆண்பால் விகுதி. 'சொட்டுவான்' என்றால் சொட்டப்போகிறவன். பிளாஸ்டிக் மூக்குக்கு எப்படி ஆண்பால் வந்தது? 'சொட்டி' போதும்.

பட்டர்வொர்த்திலிருந்து, ஆசிரியை:

ஐயா, பிள்ளைகளின் பென்சில் பெட்டியில் 'அழிப்பான்' இருக்கிறது. இதுவரை யாரும் அதன் பால் என்னவென்று கேட்டதில்லை.

பாயான் லெப்பாஸிலிருந்து:

நான் டிஸ்கஸ் வளர்க்கிறவன். பினாங்கு அந்த மீனுக்குப் பேர் போன இடம். அந்த மீன் சுத்தமான தண்ணீர் கேட்கும், தண்ணீர் மாற்றியே முதுகு போய்விடும். அதனால் இந்த அமைப்பைப் பற்றி ஒரு கணக்கு. பெயருக்கும் அது வேண்டும்.

தொட்டி 200 லிட்டர் என்று வையுங்கள். மூக்கு மணிக்கு 4 லிட்டர் விடுகிறது. நாள் முழுக்கத் திறந்துவிட்டால் 96 லிட்டர், தண்ணீர்க் கட்டணம் எகிறும். நேரக்கட்டுப்பாட்டு வால்வு வைத்து 5 மணி நேரம் மட்டும் விட்டால் 20 லிட்டர், பத்தில் ஒரு பங்கு. ஏழு நாளில் 140 லிட்டர் உள்ளே போகிறது. அப்படியானால் முக்கால்வாசித் தண்ணீர் புதியது என்றுதானே தோன்றும்? இல்லை. வழிவது பழைய தண்ணீர் மட்டுமல்ல, நேற்று சொட்டியதும் சேர்ந்து வழிகிறது. கணக்குப் போட்டால் வாரக் கடைசியில் ஏறக்குறைய பாதி பழைய தண்ணீர் உள்ளேயேதான் இருக்கும். வாளியில் ஒரே தடவையில் 140 லிட்டர் மாற்றினால் 60 லிட்டர்தான் பழையது மிஞ்சும்.

அதனால் ஐயாவின் நன்னூல் மேற்கோள் இங்கே பொருந்தவில்லை. இந்தத் தொட்டியில் பழையனவும் கழிகின்றன, புதியனவும் கூடவே கழிகின்றன. இது மாற்றம்கூட இல்லை, மெல்ல மெல்லப் புதுக்குவது. 'சொட்டுநீர்ப் புதுக்கி' என்பது என் கட்சி. மீன் கழிவால் தண்ணீரில் சேரும் நைட்ரேட் திடீரென்று இறங்காமல் ஒரே அளவில் நிற்கும், மீனுக்கு அதிர்ச்சி இருக்காது. அதுதான் இதன் பலனே.

செந்தூலிலிருந்து:

கணக்கு அருமை அண்ணே. ஆனால் 'புதுக்கி' என்று பலகையில் போட்டால், பார்க்கிறவர் எழுத்துப்பிழை, 'பதுக்கி' என்று நினைப்பார். தண்ணீரைப் பதுக்குகிற பெட்டி!

இன்னொன்று, கரி வடிகட்டியை யாரும் பேசவில்லை. குழாய் நீரில் குளோரின் உண்டு. அது மீனின் செவுளைப் பாதிக்கும். சொட்டாகப் போவதால் நீர்த்துவிடும் என்று சிலர் வடிகட்டியே வைப்பதில்லை, பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் வேண்டாம். கரியையும் அவ்வப்போது மாற்ற வேண்டும், தேய்ந்த கரி குளோரினைப் பிடிக்காது.

ஆயர் ஈத்தாமிலிருந்து:

தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆயர் ஈத்தாம் என்றாலே மலாயில் கருநீர்தானே. நம் நாட்டுச் சதுப்புக் காட்டில் தேநீர் நிறத் தண்ணீரில் வாழும் குட்டி மீன்கள் உண்டு. அவற்றின் தொட்டியில் குழாய் நீரைச் சொட்டவிட்டால் அவற்றுக்கு வேண்டிய அமிலத்தன்மை குறைந்துபோகும். எல்லா மீனுக்கும் ஆகாது என்றும் பலகையில் ஒரு வரி சேருங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து, ஆசிரியை:

நன்றி, சேர்க்கிறேன். ஆனால் நாளை வெள்ளி. இதுவரை வந்த வாக்குகளில் 'சொட்டுநீர் மாற்றி'க்கு நான்கு பேர், 'புதுக்கி'க்கு ஒருவர், 'கழிபுகுநீர்' ஐயா மட்டும். பெரும்பான்மையைப் போடுகிறேன். மூக்கு சொட்டுவான். துளைக்கு 'வழிவாய்' என்று பிள்ளைகளே வைத்துவிட்டார்கள், கலிங்கும் வானும் அவர்களுக்குக் குளம் பார்த்தால்தான் புரியுமாம். 'தானியங்கி'யை ஐயா மன்னிக்க வேண்டும், பாடநூல் வரைக்கும் வந்துவிட்டது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:

சரி டீச்சர். எனக்குத் திருப்தி இல்லை, இருந்தாலும் அச்சுக்குக் கொடுங்கள்.

ஆயர் ஈத்தாமிலிருந்து:

மன்னிப்பு இல்லை, தன்னியங்கிதான். கலிங்குக்கு என் வாக்கும் அப்படியே இருக்கட்டும். அது போகட்டும், துளையை எவ்வளவு பெரிதாகப் போடுகிறார்கள்? அரை அங்குலம் என்றால் ஒரு நத்தை வந்து உட்கார்ந்தாலே அடைத்துக்கொள்ளும், கூடம் முழுக்கத் தண்ணீர். முக்கால் அங்குலம் போடச் சொல்லுங்கள், வாயில் ஒரு வலையும் கட்டச் சொல்லுங்கள்.