ஒரே ஜெல் டியூப், மூணு வாய்: யாருக்குத் தடவலாம், யாருக்குக் கூடாது?

கொளத்தூர் மருமகள்:

எங்க வீட்டு டிவி ஸ்டாண்டுல ரிமோட்டுக்கும் விபூதி டப்பாவுக்கும் நடுவுல ஒரு வாய்ப்புண் ஜெல் கிடக்கு. எப்போ வாங்கினது, யாரு வாங்கினதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அட்டைப்பெட்டி எப்பவோ பழைய பேப்பரோட போயிடுச்சு. வாலைச் சுருட்டிச் சுருட்டி இப்போ சுண்டுவிரல் நீளத்துல நிக்குது. இந்த வாரம் அந்த ஒரே டியூப்பை வச்சு மூணு வாய்க்கு வைத்தியம் நடந்துச்சு. அதைப் பத்திக் கேக்கத்தான் வந்தேன்.

முதல் வாய் என்னோடது. கீழ் உதட்டுக்கு உள்ளே ஒரு புண். மிளகு அளவுதான், ஆனா ரசம் பட்டா உயிர் போகுது. சாப்பிடறதுக்கு முன்னாடி தடவிக்கிட்டா எரியாதுன்னு புதன்கிழமை ராத்திரி ஒரு கணக்குப் போட்டேன். விரல் நிறைய எடுத்து உதடு, கன்னம்னு பூசினேன். பாதி வாய் மரத்துப் போச்சு. ரசம் சாதம், அப்பளம், நிம்மதியா இறங்குச்சு. "உன் தட்டுல மட்டும் ரசம் ஏன் சிவப்பா இருக்கு?"ன்னு வீட்டுக்காரர் கேட்டப்புறம்தான் பார்த்தேன், கன்னத்து உள்சதையைக் கடிச்சு வச்சிருக்கேன். மறுநாள் ஒரு புண்ணு ரெண்டாச்சு.

ரெண்டாவது மாமா. ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில பிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். போன மாசம் கீழ்ப் பல்செட் கட்டினார். வலது பக்க ஈறுல உரசி செக்கச்செவேல்னு இருக்கு. அவர் என்ன செய்றார்னா, ஜெல்லை செட்டுக்கு உள்பக்கம் சிமெண்டு பூசற மாதிரி பூசி மாட்டிக்கிறார். நேத்து காலையில காபி குடுத்தேன். டம்ளர்ல ஆவி பறக்குது, மனுஷன் மடக்னு ஒரு வாய் குடிச்சுட்டு, "என்னம்மா, காபி ஆறிப் போச்சே"ங்கறார். சாயங்காலம் நாக்கு ஓரம் தோல் உரிஞ்சு நிக்குது. (இதய ஆபரேஷன் ஆனவர், ரத்தம் உறையாம இருக்க தினமும் மாத்திரை போடறார். அதையும் சொல்லிடறேன்.)

மூணாவது என் பையன். எட்டு மாசம். பல் முளைக்குது, எச்சில் வழியுது, ராத்திரி பூரா சிணுங்கல். அத்தை விரல் நுனியில ஜெல்லோட தொட்டில்கிட்ட நிக்கறாங்க. "இவங்கப்பனுக்கு நான் தடவாததா?" சண்டை வேண்டாம்னு, டயப்பர் மாத்தணும்னு சொல்லிக் குழந்தையைத் தூக்கிட்டு உள்ளே வந்துட்டேன். ஆனா எத்தனை தடவை டயப்பர் மாத்தறது? நான் பயப்படறது சரியா, இல்ல சும்மா பண்றேனா?

வடபழனி வாத்தியார்:

அந்தக் காலத்துல ஜெல்லா இருந்துச்சு? வயித்துச் சூடுதான் வாய்ப்புண்ணா வருது. மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால்ல வேக வச்சு மூணு நாள் சாப்பிடு, பறந்துடும். பெரியவருக்கு ஈறு வலின்னா ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடிச்சு அந்த இடத்துலயே வைக்கச் சொல்லு. இல்லன்னா கிராம்புத் தைலம். குழந்தைக்கும் அதுல ஒரு சொட்டு தொட்டு வைக்கலாம். பயப்படாதேம்மா.

கவுண்டர் மணி:

வாத்தியார் ஐயா, கீரைக்கு நான் எதிரி இல்ல. ஆனா மத்த ரெண்டையும் தயவுசெஞ்சு யாரும் செய்யாதீங்க. ஆஸ்பிரின் ஈறு மேல உக்காந்தா அது அமிலம், சதையை வெள்ளையா வேக வச்சுடும். அப்படி வெந்து போன ஈறோட வந்து, "பல்வலி ஜாஸ்தி ஆயிடுச்சு, ஸ்ட்ராங்கா ஏதாவது குடுங்க"ன்னு கேட்டவங்களை நான் பார்த்திருக்கேன். கிராம்புத் தைலம் பெரியவங்களுக்கே ஈறை எரிக்கும். கைக்குழந்தை முழுங்கினா கல்லீரலுக்கே ஆபத்து.

தங்கச்சி, நான் வில்லிவாக்கத்துல மருந்துக்கடையில பார்மசிஸ்ட். 19 வருஷம். எங்க கடையில தலைவலி மாத்திரைக்கு அடுத்தபடியா "அண்ணே, வாய்ப்புண்ணுக்கு ஒரு ஜெல்"தான். எந்த ஜெல்னு கேட்டா "அந்த மஞ்ச டியூப்"பும்பாங்க. கலர் சொல்லி வாங்கற பொருளா அது? போன் டார்ச்சை அடிச்சு டியூப்புல பொடி எழுத்துல என்ன இருக்குன்னு முதல்ல படிங்க. பெரும்பாலும் இந்த மூணுல ஒண்ணு இருக்கும், இல்ல சேர்ந்து இருக்கும்: லிக்னோகைன், பென்சோகைன், கோலின் சாலிசிலேட். முதல் ரெண்டும் மரத்துப் போக வைக்கிறது. லிக்னோகைனைத்தான் அமெரிக்காவுல லிடோகைன்னு எழுதறாங்க, ரெண்டும் ஒண்ணுதான். மூணாவது ஆஸ்பிரினுக்குச் சொந்தக்காரன், வலி வீக்கத்துக்கு.

குழந்தை விஷயத்துல நீங்க பயந்தது நூத்துக்கு நூறு சரி. பென்சோகைனை ரெண்டு வயசுக்குக் கீழே பல் முளைக்கிற வலிக்குத் தடவவே கூடாதுன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018ல கறாரா சொல்லிடுச்சு. லிக்னோகைன் திரவத்துக்கு 2014லயே எச்சரிக்கை வந்தாச்சு. குழந்தை முழுங்கி, மருந்து ரத்தத்துல ஏறி, வலிப்பு, இதயக் கோளாறு, உயிரிழப்பு வரைக்கும் போயிருக்கு. சாலிசிலேட் உள்ள வாய் ஜெல்லை 16 வயசுக்குக் கீழே யாருக்கும் வேண்டாம்னு பிரிட்டன்ல 2009லயே நிறுத்திட்டாங்க. ரே நோய்க்குறின்னு மூளையையும் கல்லீரலையும் தாக்கற ஒண்ணு இருக்கு, ஆஸ்பிரின் குடும்பத்தோட அதுக்குத் தொடர்பு உண்டு. ஆக உங்க டியூப்புல மூணுல எது இருந்தாலும் பையன் வாய்க்கு அது வேண்டாம்.

இன்னொண்ணு. குழந்தை வாயில எச்சில் எப்படி ஓடுதுன்னு நீங்களே சொல்றீங்க. தடவின ஜெல் ஈறுல எத்தனை நிமிஷம் நிக்கும்? வழிஞ்சு தொண்டைக்குத்தான் போகும். தொண்டை மரத்துப் போனா பால் புரையேறும். பலன் ரெண்டு நிமிஷம்கூட இல்லாத ஒண்ணுக்கு இத்தனை ஆபத்து.

அத்தைகிட்ட இப்படிச் சொல்லிப் பாருங்க: சுத்தமான மல் துணியை நனைச்சு பிரிட்ஜ்ல (பிரீசர்ல இல்ல) கொஞ்ச நேரம் வச்சு, கையை நல்லாக் கழுவிட்டு, அதை விரல்ல சுத்தி ஈறைத் தேய்ச்சு விடுங்கன்னு. விரல் வேலை அவங்களுக்குத்தான் நல்லா வரும். வேலையைப் பிடுங்காம மருந்தை மட்டும் பிடுங்குங்க. தேனும் தடவ வேண்டாம், ஒரு வயசு முடியட்டும். காய்ச்சல் அடிச்சா அதைப் பல் கணக்குல எழுதாம குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க.

இப்போ உங்க புண். ஜெல் தப்பில்ல, நேரமும் அளவும்தான் தப்பு. சாப்பிட்டு முடிச்சு, வாய் கொப்பளிச்சு, புண்ணைச் சுத்தமான பஞ்சால ஒத்தி ஈரத்தை எடுத்துட்டு, மிளகு அளவு புண்ணு மேல மட்டும். ஈரத்தோட தடவினா புண்ணுல ஒட்டாது, நாக்குக்கும் தொண்டைக்கும் பரவும். அப்புறம் ஒரு மணி நேரம் சோறு, சூடான காபி, சூயிங்கம் எதுவும் வேண்டாம். பல் டாக்டர் ஊசி போட்டுட்டு மரப்பு போற வரைக்கும் சாப்பிடாதேன்னு சொல்றது எதுக்கோ, இதுவும் அதுக்குத்தான். எப்படியும் ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல வேண்டாம், ஒரு வாரம் தாண்ட வேண்டாம். டியூப்புல அதைவிடக் குறைவாப் போட்டிருந்தா அதுதான் கணக்கு. சுருண்டு கிடக்கிற அந்த வாலுல காலாவதித் தேதி அமுங்கி இருக்கும், விரிச்சுப் பாருங்க.

மூணு பேர் விரலும் ஒரே டியூப் மூக்கைத் தொடுதுன்னா அது வேற சமாச்சாரம். ஆளுக்கொரு டியூப், இல்லன்னா சுத்தமான பஞ்சு மேல பிதுக்கி எடுங்க.

நைட் டூட்டி:

நான் நர்ஸ். பென்சோகைன் பத்தி மணி அண்ணன் சொன்னதுக்குக் கூட ஒரு வரி. அது ஏன் குழந்தைக்கு ஆகாதுன்னா, ரத்தத்துல ஆக்சிஜன் சுமக்கிற ஹீமோகுளோபின்ல இரும்பு இருக்குல்ல, அதை மாத்தி விட்டுடும். மாறினது ஆக்சிஜனைச் சுமக்காது. மெத்ஹீமோகுளோபினீமியான்னு பேரு. அபூர்வம்தான். பெரியவங்களுக்கும் வரலாம், முதல் தடவை தடவினப்பவே வரலாம்.

எங்க வார்டுல ஒரு தடவை பார்த்திருக்கேன். ஆக்சிஜன் ஓடுது, விரல்ல மாட்டற மெஷின்ல ஆக்சிஜன் அளவு 85கிட்டயே நிக்குது, ஏற மாட்டேங்குது. டெஸ்டுக்கு எடுத்த ரத்தம் சிரிஞ்சுல சாக்லேட் கலர். அந்தக் கலர் இன்னும் என் கண்ணுல நிக்குது. மெத்திலீன் புளூ ஊசி போட்டாங்க, கொஞ்ச நேரத்துல உதடு பழைய நிறத்துக்கு வந்துச்சு.

நம்ம நிறத்துக்கு முகம் நீலமாகறது சட்டுன்னு தெரியாது. உதட்டோட உள்பக்கம், நாக்கு, நகக்கண் பாருங்க. சாம்பல் இல்ல நீலம் தட்டினா, மூச்சு வாங்கினா, தலை சுத்தினா, குழந்தை துவண்டா, உடனே 108. தடவின சில நிமிஷத்துலயும் வரலாம், ரெண்டு மணி நேரம் கழிச்சும் வரலாம். டியூப்பைக் கையோட எடுத்துட்டுப் போங்க. வீட்டுல யாருக்காவது ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுவுல ஒரு நொதி குறைவா இருக்கறது) இருந்தா வாசல்லயே சொல்லிடுங்க, அவங்களுக்கு அந்த ஊசியே ஆகாமப் போகலாம்.

பிராட்வே பயணி:

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். இதை எங்கேயாவது சொல்லணும்னு ரொம்ப நாளா இருக்கு.

எங்க சித்தப்பா மாவா (பாக்கும் புகையிலையும் கலந்தது) போடறவர். நாக்கு ஓரத்துல ஒரு புண். ஜெல் தடவுவார், மரத்துப் போகும், திரும்ப மாவா. இப்படி ரெண்டு மாசத்துக்கு மேல ஓட்டினார். டியூப் தீர்ந்தா நான்தான் வாங்கிட்டு வந்து குடுப்பேன். அஞ்சாவது டியூப் வாங்கறப்ப கடைக்காரர், "யாருக்குப்பா இது, எத்தனை நாளா?"ன்னு கேட்டார். அவர் கேக்கலன்னா ஆறாவதும் வாங்கியிருப்பேன். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிர்ல அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிட்டுப் போனேன். சதையைக் கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பினாங்க. புற்று. நாக்குல ஒரு பகுதியை எடுத்தாச்சு. இப்போ கஞ்சி குடிக்கிறார், பேசறது எங்களுக்கு மட்டும் புரியும்.

வலிக்கலைன்னா நாம பார்க்க மாட்டோம்ல, அவ்வளவுதான். ரெண்டு வாரம் தாண்டின புண்ணுக்கு டியூப் வாங்காதீங்க.

கொளத்தூர் மருமகள்:

பயணி அண்ணா, படிச்சுட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோணல. சித்தப்பா நல்லா இருக்கணும்.

மணி அண்ணா, டார்ச் அடிச்சுப் பார்த்தேன். கோலின் சாலிசிலேட், லிக்னோகைன், ரெண்டும் இருக்கு. வாலை விரிச்சா காலாவதியாகி ஒரு வருஷமும் நாலு மாசமும் ஆச்சு! மாமாவுக்கு என்ன செய்யணும்னு மட்டும் சொல்லலையே?

கவுண்டர் மணி:

வேணும்னேதான் விட்டேன், ஏன்னா மாமாவுக்கு மருந்து தேவையில்ல, அரம்தான் தேவை. புது செட் உரசினா கட்டின டாக்டர்கிட்டயே போகணும், அவர் அந்த இடத்தைத் தேய்ச்சு விடுவார். செட்டுக்கு அடியில ஜெல் பூசினா மருந்து அங்கேயே அடைபட்டு ஈறை இன்னும் அரிக்கும். அப்படியே தடவணும்னா செட்டைக் கழட்டி ஈறுல தடவி, அரை மணி நேரமாவது கழிச்சு மாட்டணும். ராத்திரி செட் வாய்க்குள்ள இருக்கக் கூடாது, தண்ணியில கிடக்கட்டும். அந்த இதய மாத்திரை பேரை பல் டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. ஏன்னா ஈறுல வெள்ளை வெள்ளையாப் படிஞ்சா பூஞ்சைக்கு மைக்கோனசோல்னு வேற ஒரு வாய் ஜெல் எழுதுவாங்க. மாமா போடறது வார்ஃபரினா இருந்தா அதோட சேர்ந்து ரத்தம் நிக்காமப் போயிடும். ஜெல்தானேன்னு நினைக்கறோம், அதுவும் உள்ளேதான் போகுது. ஆஸ்பிரின் ஒத்துக்காதவங்களுக்கும் இந்த சாலிசிலேட் ஜெல் வேண்டாம்.

கொளத்தூர் மருமகள்:

சனிக்கிழமை நிலவரம். மாமாவோட மாத்திரை வார்ஃபரின் இல்ல, வேற ஒண்ணு. சீட்டை எடுத்துட்டுப் போய்க் காட்டினோம். டாக்டர் செட்டுக்கு உள்பக்கம் வெள்ளையா ஒரு பசை தடவி மாட்டச் சொல்லிக் கழட்டினார். ஒரே ஒரு இடத்துல மட்டும் பசை அழிஞ்சு பிளாஸ்டிக் தெரிஞ்சுது. அங்கேதான் அழுத்துதாம். சின்ன மெஷினை வச்சு கர்ர்னு ஒரு தேய். அஞ்சு நிமிஷம்கூட ஆகல. மாமா அதை வாங்கி வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, ஓரத்தைக் கட்டைவிரலால தடவிப் பார்த்துட்டு, "அரை நூல் எடுத்திருக்கார். சரியான பிட்டிங்"னு டாக்டருக்கே சர்டிபிகேட் குடுத்துட்டார். வர்ற வழியில வாழைக்காய் பஜ்ஜி வேணும்னு கேட்டார். ஆற வச்சுத்தான் குடுத்தேன்.

என் கன்னம் ஆறிடுச்சு. உதட்டுப் புண்ணும் பாதி ஆறியாச்சு, உப்புத்தண்ணி கொப்பளிக்கிறதோட சரி. வாத்தியார் ஐயா, மணத்தக்காளியும் செஞ்சேன், கோவிச்சுக்காதீங்க.

டியூப்பைக் குப்பையில போட்டுட்டேன். அத்தைக்கு முதல்ல முகம் சுருங்குச்சு. அப்புறம் துணியை பிரிட்ஜ்ல வைக்கறது அவங்க டிபார்ட்மென்ட் ஆயிடுச்சு, அந்தத் தட்டுல வேற யாரும் கை வைக்கக் கூடாது. இன்னிக்குக் காலையில தேய்ச்சுக்கிட்டு இருந்தவங்க "ஐயோ"ன்னு கையை உதறினாங்க. கீழே ரெண்டு அரிசி முளைச்சிருக்கு, பையன் நறுக்னு கடிச்சுட்டான். ஹால்ல இருந்து மாமா குரல்: "விரலுக்கு அந்த ஜெல்லைத் தடவலாமாம்மா?"