வேலைக்கு வந்த இடத்தில் தடுமாற வைக்கும் ஆங்கிலச் சொற்கள்

பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் படித்துவிட்டு இங்கிலாந்துக்கோ அமெரிக்காவுக்கோ புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, இலக்கணப் பிழைகளைவிட அதிகத் தொல்லை தருபவை நம் ஊரில் எல்லோருக்கும் ஒரு பொருளிலும் இங்குள்ளவர்களுக்கு வேறு பொருளிலும் விளங்கும் சொற்களே. நேர்காணலில் '2019இல் பாஸ்டு அவுட்' என்று சொன்னால், அந்த ஆண்டில் நீங்கள் மயங்கி விழுந்ததாகவே கேட்பவருக்குத் தோன்றும்; 'கிராஜுவேட்டட்' என்று சொல்லிவிடுங்கள்.

மென்பொருள் துறையினர் 'ரிவர்ட்' என்ற சொல்லிடம் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். திருநெல்வேலியில் எந்த அலுவலகக் கடிதத்தின் முடிவில் அது வந்தாலும், பதில் எழுதுங்கள் என்றுதான் பொருள். ஆனால், சக ஊழியர் செய்த நிரல் மாற்றத்தைப் பற்றிக் கருத்துக் கேட்க எண்ணி 'பிளீஸ் ரிவர்ட்' என்று நீங்கள் எழுதினால், அதை நீக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுபோகச் சொல்கிறீர்கள் என்று அவர் எடுத்துக்கொள்வார். நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் 'கிட்' (Git) மென்பொருளில் அந்தப் பெயரிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. 'ரிப்ளை' என்ற எளிய சொல்லே போதும். அதுபோலவே, மேலாளரிடம் 'உங்கள் அறிக்கையில் ஒரு டவுட்' என்றால், விளக்கம் கேட்கிறீர்கள் என்பதைவிட அவர் எழுதியதை நம்பவில்லை என்றே அது ஒலிக்கும். 'கொஸ்டின்' என்று கேளுங்கள்.

'பை', 'அண்டில்' இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். நமக்கு இது உண்மையில் கடினமே அல்ல. வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டிய வேலைக்கு 'பை', வெள்ளிக்கிழமை வரை தொடரும் நிலைக்கு 'அண்டில்' என்று, தமிழில் நினைத்துவிட்டு எழுதினாலே சரியாகிவிடும். வாடகை ஐந்தாம் தேதிக்குள் கட்டுவது. ஒப்பந்தம் மார்ச் வரை நீடிப்பது. விடுப்புக் கடிதத்தில் மட்டும் 'அண்டில் ஃப்ரைடே' என்று நிறுத்திவிடாதீர்கள், ஏனெனில் வெள்ளியன்று நீங்கள் வருவீர்களா மாட்டீர்களா என்பது அதில் தெளிவாகாது. திங்கட்கிழமை பணிக்குத் திரும்புவேன் என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.

'பாரோ' என்றால் கடன் வாங்குவது, 'லெண்ட்' என்றால் கொடுப்பது. திருநெல்வேலி ஜங்ஷனில் சாப்பாட்டுக் கடையை ஓட்டல் என்றே சொல்லிப் பழகியவர்கள், இங்கே அதே சொல்லால் வழி கேட்டால் தங்கும் விடுதிக்குத்தான் அனுப்பப்படுவார்கள். மாடிக் கணக்கில் பிரிட்டன் நம் ஊரைப் போலவே தரைத்தளத்தைத் தனியாக வைத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலும் தரைத்தளமே முதல் தளம் என்பதால், அங்கே வீடு பார்க்கும்போது இரண்டாவது தளம் என்று சொன்னால் ஒரு மாடி மட்டும் ஏறினால் போதும்.