எண்ணெய் ஊற்றினால் போதுமா? குதிரையின் வயிற்றுவலி பற்றி ஒரு வாக்குவாதம்

மணற்காட்டான்:
மூன்று கிழமைக்குள் இரண்டாவது தடவையாக என் பெட்டைக் குதிரைக்கு வயிற்றுவலி. முன்னங்காலால் மண்ணைப் பறிக்கிறது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, படுக்கிறது, எழும்புகிறது. முதல் தடவை ஒரு போத்தல் நல்லெண்ணெயை வாயில் ஊற்றி, ஒழுங்கையில் ஒரு மணித்தியாலம் நடத்தினேன். மறுநாள் வாலடியில் எண்ணெய் வழிந்தது, வலியும் அடங்கிவிட்டது. இப்போதும் அதையே செய்தேன். "எங்கே அடைத்திருக்கிறது என்று பாராமல் எப்படி ஊற்றுவீர்கள்?" என்று ஒரு டொக்டர் பிள்ளை தொலைபேசியில் ஏசினார். பார்த்து என்ன செய்யப் போகிறோம்? குதிரையின் வயிற்றைத் திறந்து தைக்க யாழ்ப்பாணத்தில் மேசை எங்கே இருக்கிறது? மிருக வைத்தியசாலை உள்ள பேராதனைக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். லொறி மாங்குளம் தாண்டுவதற்குள் கதை முடிந்துவிடும். ஆகவே நோயைத் தேடுவது வீண் வேலை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

குழாய்க்காரி:
ஏசியது நான்தான் அண்ணை. இங்கேயும் ஏசுவேன்.

வாலடியில் எண்ணெய் வந்ததை வெற்றி என்று நினைக்கிறீர்கள். குதிரையின் பெருங்குடல் மூன்று நான்கு மீற்றர் நீளம். பெரிய குதிரையில் 80 லீற்றர் வரை கொள்ளும். அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு லாடங்கள்போல வயிற்றுக்குள் மடிந்து கிடக்கிறது. இடுப்பெலும்புக்கு அருகே ஒரு வளைவு. அகலமாக வந்த குடல் அங்கே சட்டென்று ஒடுங்கித் திரும்பும். காய்ந்த தீனி இறுகுவது பெரும்பாலும் அந்த முடக்கில்தான். எண்ணெய் அந்தக் கட்டிக்குள் ஊறாது, ஓரத்தால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். கட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். கட்டியை இளக்குவது தண்ணீர்.

வாயில் ஊற்றியது இன்னும் பிழை. மூச்சுக்குழாய்க்குள் போனால் வயிற்றுவலியோடு வந்த குதிரை நுரையீரல் அழற்சியில் சாகும். குதிரையால் வாந்தியும் எடுக்க முடியாது. மூக்கால் குழாய் விட்டு, இரைப்பையில் ஏதும் தேங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே எதையும் உள்ளே விடலாம்.

பெருக்கமரம்:
நெடுந்தீவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் குதிரைகளைப் போர்த்துக்கேயர் விட்டார்களா, ஒல்லாந்தர் விட்டார்களா என்று சண்டை பிடிக்கப் பலர் வருவார்கள். ஆடி, ஆவணியில் கேணி வற்றியபின் அவற்றுக்குத் தண்ணீர் எங்கே என்று கேட்க ஒருவரும் வருவதில்லை. டொக்டர் சொல்வது கட்டி வளர்க்கும் குதிரைக்குச் சரி. கயிறே காணாத குதிரைக்கு யார் மூக்கில் குழாய் விடுவது? ஒரு தண்ணீர்த் தொட்டி உங்கள் எல்லாக் குழாய்களையும்விட அதிகம் செய்யும்.

குழாய்க்காரி:
தொட்டி விஷயத்தில் உங்களோடு சண்டையே இல்லை. தண்ணீர் குறைந்து, காய்ந்த புல்லை மட்டும் தின்றால் குடல் அடைக்கும். நோய் வருமுன் போடுகிற மருந்து அது. மணற்காட்டு அண்ணையின் குதிரை ஏற்கெனவே நோயில் கிடக்கிறதே!

மருந்துப்பெட்டி:
இவ்வளவு கதை எதற்கு? பினைல்பியூட்டசோன் என்ற வலிமருந்துத் தூளைத் தவிட்டில் கலந்து பத்து நாள் கொடுங்கள். என் பெரியப்பா அப்படித்தான் கொடுத்தார்.

குழாய்க்காரி:
தண்ணீர் வற்றிய உடம்புக்கு அந்தத் தூளை நாட்கணக்கில் கொடுத்தால் பெருங்குடலின் வலது மேற்பகுதி புண்ணாகும். வலிக்குக் கொடுத்த மருந்தே வலிக்குக் காரணமாகிவிடும். தயவுசெய்து வேண்டாம்.

மணற்காட்டான்:
என் கேள்விக்கு இன்னும் மறுமொழி வரவில்லை. மேசை இல்லாத ஊரில் பார்த்து என்ன பயன்?

குழாய்க்காரி:
சரி, கேளுங்கள். தாடையின் உட்பக்கம் விரலை வைத்தால் நாடி கிடைக்கும். ஓய்வில் நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44. பல்முரசை விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் இரண்டு செக்கனுக்குள் நிறம் திரும்ப வேண்டும். இந்த இரண்டையும் பார்க்க மேசை வேண்டாம், நீங்களே பார்க்கலாம்.

நாடி 60ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகிறது, முரசு கருஞ்சிவப்பாகிறது, வயிறு பறைபோல வீங்குகிறது, ஊசிக்கும் வலி அடங்கவில்லை என்றால் குடல் முறுக்கிக்கொண்டது என்று முதலில் சந்தேகிப்பேன். குட்டி ஈன்ற பெட்டைகளுக்கு அது வரும். அதற்குச் சத்திரசிகிச்சை ஒன்றுதான் வழி, அதுவும் சில மணித்தியாலத்துக்குள். மேசை இல்லை என்றால் வலியில்லாமல் அனுப்பிவைக்க வேண்டும். விடியவிடிய ஒழுங்கையில் இழுத்துத் திரிவது வைத்தியமல்ல, சித்திரவதை. அந்த முடிவை எடுக்கத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

இன்னொரு வகையில், இடது பெருங்குடல் மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையிலுள்ள இணைநாரில், கொடியில் போட்ட சாரம்போல ஏறித் தொங்கும். மண்ணீரலைச் சுருக்கும் மருந்தை ஏற்றிவிட்டுக் குதிரையை ஓடவிட்டால் சில வேளை தானாக இறங்கிவிடும். ஆக, உங்கள் ஒழுங்கை நடைக்கும் ஒரு நோய் இருக்கிறது அண்ணை! ஆனால் அந்த நோய்தானா என்று யார் பார்த்தது?

வெறும் அடைப்பு என்றால் தீனியை நிறுத்தி, குழாயால் சில மணிக்கு ஒருமுறை தண்ணீரும் உப்பும் விட்டால் பெரும்பாலானவை பிழைக்கும். இதற்கும் மேசை வேண்டாம்.

பெருக்கமரம்:
ஒன்று கேட்கிறேன் டொக்டர். எங்களுடையவை மட்டக்குதிரைகள். ஆசனவாயால் கையை விட்டுப் பார்ப்பார்களே, சின்னக் குதிரையில் அது குடலைக் கிழித்துவிடாதா?

குழாய்க்காரி:
கிழிக்கும் ஆபத்து உண்டு, நல்ல கேள்வி. சிறிய உடம்பு என்றால் நான் கை விடமாட்டேன், ஸ்கானால் பார்ப்பேன். குடற்சுவர் 9 மில்லிமீற்றருக்கு மேல் தடித்திருந்தால் முறுக்கு என்ற சந்தேகம் வலுக்கும்.

மணற்காட்டு அண்ணை, உங்கள் குதிரைக்குத் தீனி எங்கே வைக்கிறீர்கள்?

மணற்காட்டான்:
எங்கே வைப்பது? நிலத்தில்தான். வைக்கோலும் கிழித்த பனையோலையும்.

குழாய்க்காரி:
மணற்காட்டு நிலத்தில்! லத்தி ஐந்தாறு உருண்டையை, நிலத்தில் பட்ட பக்கத்தை நீக்கிவிட்டு, கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் விட்டுக் கரைத்து வையுங்கள். அடியில் என்ன இறங்குகிறது என்று எழுதுங்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால், வயிற்றின் அடியில் காதையும் வைத்துப் பாருங்கள்.

மணற்காட்டான்:
வைத்துப் பார்த்தேன். போத்தலின் அடியில் ஒரு விரல் உயரத்துக்கு மணல், கடற்கரையில் கிடப்பதே தான். காதை வைத்தபோது சங்கைக் காதில் வைத்ததுபோல இரைந்தது, இரண்டு நிமிடம் எழும்பாமல் இருந்து கேட்டேன். நான் தோற்றேன் என்று எழுதமாட்டேன், ஆனால் இதை எண்ணெய் கொண்டுபோகாது என்று தெரிகிறது. இசப்கோல் உமியைத் தவிட்டில் கலந்து வைக்கலாமா?

குழாய்க்காரி:
தீனியில் கலந்து கொடுப்பது மட்டும் போதுமா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. உமியையும் பேதியுப்பையும் சேர்த்து, உடல் நிறை ஒரு கிலோவுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு கிராம் வீதம், நாலு நாள் குழாயால் விடுவதையே நான் நம்புகிறேன். உமி தண்ணீர் பட்டவுடன் களியாக இறுகும், கலந்த கையோடு விடவேண்டும். ஆகவே நீங்கள் செய்யக்கூடாது. நாளை காலை வருகிறேன். வாளியும், பிடிக்க இரண்டு பேரும் போதும். அதுவரை தீனி வேண்டாம், தண்ணீர் மட்டும்.

இன்னொன்று: போத்தலில் மணல் இறங்காவிட்டாலும் குடலில் மணல் இல்லை என்று சொல்ல முடியாது. இதை மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

மருந்துப்பெட்டி:
பெரியப்பாவின் குதிரைக்கும் கடைசியில் குடற்புண் வந்துதான் போனது என்று அம்மா இப்போது சொல்கிறா.

பெருக்கமரம்:
மணற்காட்டு அண்ணை, தீனிக்குச் சீமெந்துத் தொட்டி கட்டும்போது மிச்ச சீமெந்து இருந்தால் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு அனுப்பிவிடுங்கள். படகில் நான் ஏற்றிக்கொள்கிறேன்.