மறு: ஹார்ட்வேர் வாலட்: வன்பணப்பையா, கையொப்பக் கருவியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். கிரிப்டோ கலைச்சொற்களுக்குத் தமிழ்ப்பெயர் தேடும் நம் பட்டியலுக்கு வந்த யோசனைகளுக்கு என் பதில் இது. ஹார்ட்வேர் வாலட் என்பது பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயம் வைத்திருப்போர் பயன்படுத்தும் சிறு கைக்கருவி.

> வன்பொருள், மென்பொருள் இரண்டும் நிலைத்துவிட்டன. வாலட் என்றால் பணப்பை. "வன்பணப்பை" என்று வைத்துக்கொள்வதில் என்ன சிக்கல்?

ஐயா, சொல்லாக்க முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கருவிக்குள் பணம் இல்லையே. பிட்காயின் கணக்கெல்லாம் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் பொதுப் பேரேடாக இருக்கிறது. கருவிக்குள் இருப்பது, பேரேட்டில் நம் பங்கை நகர்த்தத் தேவையான தனித்திறவுகோல் என்னும் ரகசிய எண் மட்டும். அதை வெளியே விடாமல் உள்ளேயே வைத்து, ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் மின்கையொப்பமிட்டுத் தருவதுதான் அதன் வேலை. 2014இல் செக் நாட்டிலிருந்து டிரெசர் என்ற கருவி வந்த நாள் முதல் இன்றுவரை இதில் மாற்றமில்லை.

பணப்பை என்று பெயர் வைத்தால் வாங்கியவர் எதைப் பாதுகாப்பார்? கருவியைப் பீரோவில் வைத்துப் பூட்டுவார். கருவி தொடக்கத்தில் காட்டும் 24 சொற்களை எழுதிய தாளை மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார். நடைமுறை இதற்கு நேர்மாறு. கருவி தொலைந்தால் இன்னொன்று வாங்கி, அதே சொற்களை உள்ளிட்டு எல்லாவற்றையும் திரும்பப் பெறலாம். தாள் பிறர் கைக்குப் போனாலோ, பீரோ பூட்டியபடியே இருக்கும், காசு போய்விடும். தாளும் கருவியும் சேர்ந்து போனால் முறையிட ஒரு கவுண்ட்டர்கூடக் கிடையாது. ஆகவே "கையொப்பக் கருவி" என்பதே என் பரிந்துரை. ஆங்கிலத்திலும் பலர் இப்போது சைனிங் டிவைஸ் என்றுதான் எழுதுகிறார்கள்.

> ஆடிட்டர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி, வருமான வரித் தாக்கலுக்குச் செருகும் டிஎஸ்சி (மின்கையொப்பச் சான்றிதழ்) டோக்கனும் கையொப்பக் கருவிதானே? குழப்பம் வராதா?

தம்பி கேட்டது சரியான கேள்வி. இரண்டும் ஒரே இனம்தான். டோக்கனுக்குள்ளும் வெளியே வராத ஒரு தனித்திறவுகோல் இருக்கிறது. எனவே இனப்பெயர் பொதுவாக இருக்கட்டும், தேவையான இடத்தில் "கிரிப்டோ கையொப்பக் கருவி" என்று அடை சேர்த்துக்கொள்வோம். வேறுபாட்டை மட்டும் விளக்கக் குறிப்பில் எழுதியே ஆக வேண்டும்: டிஎஸ்சி தொலைந்தால் சான்றளித்த நிறுவனம் பழையதை ரத்து செய்துவிட்டுப் புதியது தரும். இங்கே ரத்து செய்ய எவரும் இல்லை.

> சீடு பிரேஸ் = மீட்புச்சொற்கள்

அந்த 24 சொற்களுக்கு இந்தப் பெயரை வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். 2020இல் இக்கருவிகளை விற்கும் லெட்ஜர் நிறுவனத்தின் விற்பனைத் தரவு கசிந்து, ஏறத்தாழ 2,72,000 வாடிக்கையாளர்களின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் இணையத்தில் வெளியாயின. அதன்பின் அவர்களுக்குப் போலி மின்மடல்கள் வந்தன, போலிக் கருவிகளே பார்சலில் வந்தன. எல்லாம் கேட்டது ஒன்றைத்தான்: "கணக்கை மீட்க உங்கள் சொற்களை உள்ளிடுங்கள்." மீட்புச்சொல் என்று நாமே பெயர் சூட்டினால் அந்த மோசடி வாசகம் தமிழில் இயல்பாக ஒலிக்கும். கடவுச்சொல் மறந்தால் மாற்றிக்கொள்வது போன்ற ஏதோ ஒன்று என்ற நினைப்பும் வரும். திறவுகோல்கள் அத்தனையும் முளைப்பது இந்தச் சொற்களிலிருந்துதான். "வித்துச்சொற்கள்" என்போம்.

இன்னொன்றும் இங்கே சொல்லியாக வேண்டும். வித்துச்சொற்களுக்காக 2013இல் வரையறுத்த பிப்-39 தரத்தில் 2048 சொற்கள் கொண்ட பட்டியல் இருக்கிறது. ஜப்பானியம், கொரியம், செக் மொழிகளிலெல்லாம் பட்டியல் சேர்ந்துவிட்டது. தமிழில் இல்லை. ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒருவர், கையகலத் திரையில் ஒவ்வொன்றாக வரும் 24 ஆங்கிலச் சொற்களைப் பிழையின்றிப் படியெடுக்க வேண்டும். முதல் நான்கு எழுத்து சரியாக இருந்தால் சொல்லைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது மட்டுமே ஆறுதல். வரிசை மாறினால் அதுவும் உதவாது.

> பிளைண்டு சைனிங் = குருட்டுக் கையொப்பம்

எதற்கு ஒப்புதல் தருகிறோம் என்று புரியாமலே கருவியில் கையொப்பமிடுவதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். இதற்குத்தான் இந்த மடலில் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். பார்வையற்றோரைக் குறிக்கும் சொல்லைக் கவனக்குறைவுக்கு அடையாக்குவது எனக்கு உடன்பாடில்லை. அதைவிட, பொருளும் பொருந்தவில்லை. 2025 பிப்ரவரியில் பைபிட் கிரிப்டோ பரிமாற்றகத்திலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈத்தர் நாணயம் களவுபோனது. ஒப்புதல் தந்தவர்கள் கையில் இதே வகைக் கருவிகள்தான் இருந்தன. கணினித் திரை வழக்கமான பரிமாற்றம் ஒன்றைக் காட்டியது; உள்ளே போனதோ கணக்கின் கட்டுப்பாட்டையே கைமாற்றும் கட்டளை. அதற்கு முந்தைய ஜூலையில் இந்தியாவின் வசீர்எக்ஸ் பரிமாற்றகம் 23 கோடி டாலருக்கு மேல் இழந்ததும் ஏறக்குறைய இந்த வழியில்தான் என்று அந்நிறுவனமே சொன்னது. பலர் ஒப்பமிடும் இத்தகைய கணக்குகளில் கருவியின் திரையில் பெரும்பாலும் ஒரு ஹாஷ்தான் வரும், அதாவது பரிமாற்றத்திலிருந்து கணக்கிட்ட சுருக்கக் குறியீடு: எண்ணும் எழுத்துமாக 64 குறிகள். கண் நன்றாகத் தெரிந்தவரும் அதைப் பார்க்கிறார், பொத்தானை அழுத்துகிறார். பார்த்தும் என்னவென்று புரியாததுதான் சிக்கல்.

"வெற்றுக் கையொப்பம்" என்று வந்த யோசனையும் சரிவராது. வட்டிக்கடையில் நிரப்பாத புரோநோட்டில் போடும் கையெழுத்துக்கு அது பொருந்தும். இங்கே தாள் நிரம்பித்தான் இருக்கிறது.

"பொருளறியாக் கையொப்பம்" என்று முன்மொழிகிறேன். செல்லாக் காசு போல எதிர்மறைப் பெயரெச்சம், ஒற்று மிகும். நீளம்தான், ஆனால் என்ன நடக்கிறது என்பதை அப்படியே சொல்கிறது. மறையீட்டு ஆய்வாளர் டேவிட் சாம் 1980களில் முன்வைத்த பிளைண்டு சிக்னேச்சர் முற்றிலும் வேறு. அதில் ஒப்பமிடுபவர் உள்ளடக்கத்தைக் காணாதபடி வேண்டுமென்றே மறைக்கிறார்கள், பயனரின் அந்தரங்கத்தைக் காக்க. அதற்குக் "காணாக் கையொப்பம்" என்பதை ஒதுக்கிவிட்டால் இரண்டும் மோதாது.

மறுப்பு இல்லையென்றால் இந்த நான்கையும் பட்டியலில் ஏற்றலாம். மிச்சமிருப்பது பாஸ்பிரேஸ், அதாவது வித்துச்சொற்களோடு பயனர் தானே சேர்த்துக்கொள்ளும் கூடுதல் சொல். 2020இல் கிராக்கன் பாதுகாப்பு ஆய்வகம், டிரெசர் கருவி 15 நிமிடம் கையில் கிடைத்தால் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி வித்துச்சொற்களை வெளியே எடுக்கலாம் என்று காட்டியது. அந்தத் தாக்குதலுக்குத் தடையாக நிற்பது, கருவியில் எங்குமே பதியாத இந்தக் கூடுதல் சொல்தான். "கடவுத்தொடர்" என்றால் வழக்கமான கடவுச்சொல்லோடு கலந்துவிடும் என்று அஞ்சுகிறேன். வேறு சொல் தோன்றியவர்கள் தனி இழை தொடங்குங்கள்.

அன்புடன்